மணி கேட்கும் எல்லை

வேலூர் வில்காக்ஸ் நினைவுப் பள்ளியில் இடம் வாங்கப் பணம் வேண்டும், சிபாரிசு வேண்டும், பிள்ளைக்கு மூளை வேண்டும் என்றெல்லாம் வெளியூர்க்காரர்கள் சொல்லுவார்கள். வயிற்றெரிச்சலில் சொல்வது. அந்தப் பள்ளி கேட்டது காது ஒன்றைத்தான்.

பள்ளியைக் கட்டிய வில்காக்ஸ் துரை நூறு வருஷத்துக்கு முன்னால் சாகும்போது ஓர் உயில் எழுதிவைத்தார். “இப்பள்ளியின் மணி எந்த வீடுவரை கேட்கிறதோ அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வரட்டும்.” மனிதர் வெள்ளந்தி. அந்தக் காலத்தில் மணி அடித்தால் பாலாற்றுக்கு அக்கரையில் மாடு மேய்க்கிறவன் தலையை நிமிர்த்திப் பார்ப்பான். ஊர் முழுவதையும் கூப்பிடத்தான் அந்த மணியைக் கப்பலில் வரவழைத்தார். பின்னால் வந்தவர்கள் அதே மணியை வைத்து ஊரைக் கழித்துக்கட்டினார்கள். கேட்கிற வீட்டுப் பிள்ளைகள் வரட்டும் என்றால், கேட்காத வீட்டுப் பிள்ளைகள் வரக்கூடாது என்றுதானே அர்த்தம்? எந்த வீட்டில் கேட்கவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்ல ‘மணி எல்லைக் குழு’ என்று ஒன்றையும் நியமித்தார்கள்.

குழு நன்றாகவே வேலை செய்தது. ஊருக்குள் பஸ் பெருகப் பெருக, ஹாரன் பெருகப் பெருக, எல்லை சுருங்கிக்கொண்டே வந்தது. 1999-ல் நாலைந்து தெருக்கள்தான் மிச்சம். பள்ளிக்கு நேர் எதிர்வீட்டில் குடியிருந்த, காது மந்தமான ஒரு சப்-ரிஜிஸ்திராரின் வீடுகூட எல்லைக்கு வெளியே இருப்பதாகத் தீர்ப்பாகியிருந்தது.

இந்த லட்சணத்தில்தான் ஏசுராஜ் தன் மகள் ரெனிட்டாவுக்கு ஆறாம் வகுப்பும், மகன் இவானுக்கு ஒன்றாம் வகுப்பும் கேட்டு விண்ணப்பம் போட்டார்.

ஏசுராஜுக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. அவர் மனைவி ஜெயபுஷ்பம் வேலூரில் ஆஸ்பத்திரி நர்ஸ். கம்பெனி பஸ் மேற்கே போகும், டவுன் பஸ் கிழக்கே போகும். இரண்டும் நிற்கிற இடமாகப் பார்த்து, பைபாஸ் ரோட்டோரம் பெத்தேல் நகரில் மனை வாங்கி, ஒரு தீபாவளிக்கு அஸ்திவாரம், ஒரு கிறிஸ்துமஸுக்குக் கூரை என்று இழுத்து இழுத்து வீடு கட்டியிருந்தார்கள். முன்னால் ஒரு மாமரம். பின்னால் இன்னும் யாரும் வாங்காத பெரிய வெற்றிடம். அதில் பிள்ளைகள் சைக்கிள் விட்டார்கள், எதிர்வீட்டு கலீமுல்லா பாயின் மகள் அஃப்ஷாவோடு சேர்ந்து ஆடினார்கள். பப்லு என்று ஒரு கறுப்பு நாய். கம்பெனி கேட்டில் அனாதையாகக் கிடந்த குட்டியை ஏசுராஜ் டிபன் பையில் போட்டுக்கொண்டு வந்து ரெனிட்டா மடியில் விட்டார். அன்றிலிருந்து அது அவளுடைய நாய். அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை பின்கதவைப் பிறாண்டிக்கொண்டு நிற்கும்.

“இங்க இன்னா கொறச்சல்? காத்து வருது, தண்ணி வருது. பசங்க கத்துனா ஏன்னு கேக்க ஆளு கெடயாது,” என்பார் ஏசுராஜ்.

“அதாங்க கொறச்சல். ஏன்னு கேக்க ஆளே இல்ல. நாலு பசங்களோட மோதி வளரணும். இங்கயே கெடந்தா மாங்கா பொறுக்கத்தான் லாயக்கு,” என்பாள் ஜெயபுஷ்பம்.

இரண்டும் நியாயம்தான். இரண்டு நியாயங்களுக்கு நடுவே எந்தக் குடும்பமும் ஒரு மாதிரி வாழ்ந்துவிடும். குழு வந்துதான் கெடுத்தது.

குழு ஒரு சனிக்கிழமை உச்சிவேளைக்குச் சற்று முன் அம்பாசடரில் வந்து இறங்கியது. கன்வீனர் எட்வின் ஞானமுத்து, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவரோடு தேவகி என்ற இயற்பியல் ஆசிரியை. இருவரும் ஹாலில் உட்கார்ந்து ஜூஸ் வேண்டாம் என்றார்கள். குடிக்கும்போது தொண்டை எழுப்பும் சத்தம் தீர்ப்பைப் பாதிக்குமாம். ஃபேனை நிறுத்தச் சொன்னார்கள். இவானை மூச்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பன்னிரண்டு அடித்ததும் கன்வீனர் கண்ணை மூடி, உள்ளங்கையைக் காதோரம் குவித்தார்.

பைபாஸில் ஒரு தோல் லாரி போனது. இன்னொன்று போனது. மணியைக் காணோம்.

அப்போது பின்கதவருகே படுத்திருந்த பப்லு எழுந்து நின்றது. காதை விறைத்தது. கிழக்கே வேலூர்ப் பக்கம் முகத்தைத் தூக்கி நீளமாக ஊளையிட்டது.

“சார்! பப்லுக்குக் கேட்டுச்சு சார்!” என்று ரெனிட்டா குதித்தாள். “தெனம் இந்நேரத்துக்குக் கத்துவான் சார். இன்னாத்துக்குன்னு எங்களுக்குத் தெரியாது. இப்பதான் தெரியுது.”

கன்வீனர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் சரியாகத்தான் இருந்தது. இரண்டு உறுப்பினர்களும் மாமரத்தடிக்குப் போய் ஆலோசித்துத் திரும்பினார்கள்.

“விலங்கின் கேள்வியை உயில் அங்கீகரிக்கவில்லை,” என்றார் கன்வீனர்.

“நாய்க்குக் கேக்குதுன்னா இங்க சத்தம் வருதுன்னுதானே சார் அர்த்தம்?” என்றார் ஏசுராஜ்.

“சத்தம் வருவது வேறு, கேட்பது வேறு, மிஸ்டர் ஏசுராஜ். வருவதை நாங்கள் பார்ப்பதில்லை.”

“நாய்க்குப் பள்ளி வயதில் குட்டி இருந்தால் பரிசீலிக்கலாம்,” என்றார் தேவகி. அவர் சிரிக்கவில்லை. விதியை விளக்கினார், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் விண்ணப்பித்த பெற்றோர்களைப் பள்ளி அரங்கத்தில் கூட்டி வைத்துத் தாளாளர் ஆல்ஃபிரட் ஜெயசிங் உரையாற்றினார்.

“புறநகர் என்பது என்ன? ஊர் முடிந்து, காடு தொடங்காத இடம். அங்கே வளர்கிற பிள்ளை ஊர்ப்பிள்ளையும் இல்லை, காட்டுப்பிள்ளையும் இல்லை. காற்று வாங்கலாம். கல்வி வாங்க முடியுமா? நெரிசலில்தான் நாகரிகம் இருக்கிறது. நாங்கள் எந்தப் பிள்ளையையும் தள்ளியதில்லை. பணக்காரன், ஏழை என்று பார்த்ததில்லை. ஒலி தள்ளுகிறது. நாங்கள் வெறும் காது.”

எல்லாரும் கை தட்டினார்கள். ஏசுராஜும் தட்டினார். தட்டாதவர்களைக் குறித்துக்கொள்வார்களோ என்று அவருக்குப் பயம்.

வெளியே வரும்போது புதிய விதிகளைக் கொடுத்தார்கள். ஒரு கல்வியாண்டு முழுக்க எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். வாடகை வீடு நிலையற்றது, ஆகவே சொந்தமாகவோ, மொத்தப் பணம் கொடுத்துப் போகியத்திலோ இருக்க வேண்டும். கடைசியில் ஒரு விதி, மை உலராத புதுசு: மணியோசையோடு குரல் சேர்க்கும் பிராணிகள் வீட்டில் இருக்கக்கூடாது.

ஏசுராஜ் அதை இரண்டு தடவை படித்தார். ஊரில் மணியை ஒழுங்காகக் கேட்ட ஒரே ஜீவனுக்காகவே போட்ட விதி அது.

போகியத்துக்குக் கொடுக்கப் பெத்தேல் நகர் வீட்டை விற்பதைத் தவிர வழியில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். பேரம் பேசவில்லை. வீட்டைவிடப் பின்னால் இருந்த வெற்றிடத்தைத்தான் அதிகம் பார்த்துவிட்டு, எழுதி வாங்கிக்கொண்டு போனார். நல்ல மனுஷர் என்று ஜெயபுஷ்பம் ஜெபத்தில் நன்றி சொன்னாள்.

சாமான் ஏற்றும் அன்று ரெனிட்டா பப்லுவைக் கட்டிக்கொண்டு மாமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். கலீமுல்லா பாய்தான் வந்து பக்கத்தில் குந்தினார்.

“நான் பாத்துக்கறேன் பேட்டா. அஃப்ஷா சோறு வைப்பா. நீ ஸ்கூல்ல சேந்த அன்னிக்கு வா, உன் தோஸ்து இங்கயே இருக்கும்.”

“அட்மிஷன் கெடச்ச அன்னிக்கே கூட்டினு வர்றேன்,” என்றார் ஏசுராஜ். “சத்தியமா.”

லாரி கிளம்பியபோது பப்லு ஓடி வரவில்லை. காலி வீட்டின் பின்கதவுக்குப் போய்ப் பிறாண்ட ஆரம்பித்தது. அதைப் பார்க்காமல் இருக்க ஏசுராஜ் கயிற்றை இறுக்கிக் கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டார். பெரிய மனுஷன் அழக்கூடாது என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்களே.

டவுனில் சுகரா பேகம் என்ற அம்மாளின் வீட்டில் பின்கட்டு. ஒன்றரை ரூம். பள்ளிச் சுவரை ஒட்டிய சந்து. நல்ல அம்மாள், பிள்ளைகளுக்குப் பாயசம் கொடுப்பாள். சைக்கிளுக்கு இடமில்லாமல் மேலே பரணில் கட்டிப் போட்டார்கள். ரெனிட்டா படுத்துக்கொண்டே அதைப் பார்ப்பாள். கம்பெனி பஸ் ஊருக்குள் வராது என்பதால் ஏசுராஜ் பிள்ளைகள் எழும் முன்னே போய், தூங்கின பிறகு வந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்தான் அவர்களை வெளிச்சத்தில் பார்த்தார்.

இவானுக்குப் பயிற்சி நடந்தது. மணி அடித்ததும் நிமிர்ந்து நின்று “கேக்குது சார்” என்று சொல்ல வேண்டும். ஐந்து வயசுப் பிள்ளை, சீக்கிரம் கற்றுக்கொண்டான். பள்ளி மணிக்குச் சொன்னான், சர்ச் மணிக்குச் சொன்னான், ஐஸ்காரன் மணிக்கும் சொன்னான். தூக்கத்தில் புரண்டு படுக்கும்போதுகூடச் சொல்வான்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை சுகரா பேகம் வீட்டுக்கு ஃபோன் வந்தது. கலீமுல்லா பாய்.

“ஏசு, எப்டி சொல்றதுன்னு தெரியல. தெனம் மணி நேரத்துக்கு உங்க வூட்டாண்ட போய் நிக்கும். நேத்து ஊளை வுட்டுட்டு ரோட்டப் புடிச்சி கெழக்க ஓடிச்சி. நீங்க அந்தப் பக்கம்தான் போனீங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. லாரிக்காரன் இன்னா பண்ணுவான்? எங்க கொல்லையிலேயே பொதச்சிட்டேன். அஃப்ஷா வாய்ல பச்சத் தண்ணி படல.”

ஏசுராஜ் ரிசீவரை வைத்தார். வாசலில் ரெனிட்டா நின்றிருந்தாள்.

“யாருப்பா? பாய் மாமாவா? பப்லு எப்டி இருக்கான்?”

“சூப்பரா இருக்கான். குண்டாயிட்டானாம்,” என்றார் ஏசுராஜ்.

ஜெயபுஷ்பம் அவர் முகத்தைப் பார்த்து எல்லாம் தெரிந்துகொண்டாள். உள்ளே போய், ஏற்கெனவே கழுவின பாத்திரத்தை எடுத்துத் திரும்பக் கழுவினாள். டவுனுக்கு வர வேண்டும் என்று சொன்னது அவள்தான். அவளை யாரும் குறை சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

பரீட்சை முடிகிற சமயத்தில் குழு வந்தது. பள்ளிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீடு, பயமில்லை என்று ஏசுராஜ் நினைத்திருந்தார். சந்து முனையில் ரஷீத் அஹமதுவின் மாவு மில் இருப்பதை மறந்துவிட்டார். மில் ஓடினால் பக்கத்தில் இருப்பவன் தும்மினால்கூடக் கேட்காது.

அவர் மில்லுக்கு ஓடினார். “பாய், ஒரு ரெண்டு நிமிஷம். கொழந்தைங்க படிப்பு.”

ரஷீத் அஹமது ஒன்றும் கேட்கவில்லை, சுவிட்சை இறக்கினார். கோதுமை டப்பாவோடு நின்ற பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சுகரா பேகம் ரேடியோவை அணைத்து, குக்கரை அடுப்பிலிருந்து இறக்கினாள். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். ஒரு சந்து முழுக்க, யாரோ பெற்ற இரண்டு பிள்ளைகளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. வேலூர் பார்த்த மிகப் பெரிய ஜெபக்கூட்டம் அதுதான்.

மணி அடித்தது.

“கேக்குது சார்!” என்றான் இவான்.

கன்வீனர் எட்வின் ஞானமுத்து யோசித்தார். “கேட்டது. மறுக்கவில்லை. ஆனால் இது செயற்கை மௌனம். அக்கம்பக்கத்தார் ஒத்துழைத்திருக்கிறார்கள். ஒத்துழைப்பு இல்லாமல் கேட்டிருக்குமா என்பது கேள்விக்குறி.” கடைசியில் மனமிரங்கி, ‘தற்காலிகமாகக் கேட்டது’ என்று சான்று கொடுத்தார். இறுதி நேர்காணலுக்கு அழைப்பு வரும் என்றார்.

அழைப்பு வருவதற்கு முன்னால் தாளாளரின் அடுத்த உரை வந்தது.

“நகரம் என்பது என்ன? புகை, சத்தம், சாக்கடை! சொந்த மணியோசை சொந்தச் சுவருக்கு வெளியே கேட்காத இடத்தில் பிள்ளைகள் வளர முடியுமா? காற்று வேண்டும். மரம் வேண்டும். ஓடியாட வெளி வேண்டும். ஆகவே வரும் ஜூனிலிருந்து நம் பள்ளி அமைதி தவழும் புறநகருக்குப் போகிறது. நானே போன வருஷம் வேறு விதமாகப் பேசியிருக்கலாம். அப்போது நிலம் கிரயமாகவில்லை.”

எல்லாரும் கை தட்டினார்கள். ஏசுராஜுக்குக் கை எழும்பவில்லை. அந்தப் புறநகரின் பெயர் பெத்தேல் நகர்.

அந்த வெற்றிடத்தில் வகுப்பறை கட்டுவதற்கு முன்பே மணிக்கூண்டைக் கட்டிவிட்டார்கள். எல்லையைத் தீர்மானிக்காமல் கட்டடம் எதற்கு? பக்கத்தில் கையோடு வாங்கிய சின்ன வீடு ஒன்று மணி எல்லைக் குழுவின் அலுவலகமானது. இறுதி நேர்காணல் அங்கேதான்.

ஆக, அந்த நாலு பேரும் தங்கள் வீட்டு வாசலில், தங்கள் மாமரத்தடியில், பெஞ்சு போட்டு உட்காரவைக்கப்பட்டார்கள். ரெனிட்டாவின் கண் எதிர்வீட்டின் மேலேயே இருந்தது.

“போய்ப் பாத்துட்டு வரட்டாப்பா?”

“இன்டர்வியூ முடியட்டும் கண்ணு.”

“சரி. பன்னெண்டாவப் போவுது. மணி அடிச்சா அவனே கத்துவான்.”

உள்ளே கூப்பிட்டார்கள். டிவி இருந்த இடத்தில் வில்காக்ஸ் துரையின் படம். பின்கதவுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அடியில் பப்லு பிறாண்டின கோடுகள் பெயின்ட்டுக்கு அடங்காமல் அப்படியே இருந்தன.

“தற்போதைய முகவரி டவுன். அங்கிருந்து இந்த மணி கேட்குமா?” என்றார் கன்வீனர்.

“எப்படி சார் கேக்கும்?”

“கேட்காது. அப்போது நீங்கள் எல்லைக்கு வெளியே.”

“நீங்கதான் சார் எங்கள அங்க வரச் சொன்னீங்க. இது எங்க வூடு சார்,” என்றாள் ஜெயபுஷ்பம். ஒரு வருஷமாக அடக்கிவைத்திருந்த குரல் உடைந்தது. “இந்த ஹால்ல சிமென்ட் பூசும்போது நான் மாசமா இருந்தேன். தண்ணி தூக்கி ஊத்துனது நானு.”

கன்வீனர் நல்லவர். கெட்டவர்களிடம் மாட்டிக்கொண்டால் சண்டையாவது போடலாம். அவர் கண்ணாடியைத் துடைத்து, “உங்கள் நிலை எனக்குப் புரிகிறது. கருணை அடிப்படையில் ஒன்று செய்கிறோம்,” என்றார். “உயில் வீடு என்றுதான் சொல்கிறது. இன்றைய வீடு என்று சொல்லவில்லை. உங்கள் பழைய வீட்டில் நின்று பெண் மணியைக் கேட்டதாகச் சொல்லட்டும். போதும். இரண்டு பேருக்கும் இடம் கொடுத்துவிடலாம்.”

ஏசுராஜ் மகளை மேஜைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு வார்த்தை. பெண் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மணி அடித்தது. மேஜை அதிர்ந்தது. துரையின் படம் ஆணியில் ஆடியது. செத்தவனுக்கும் கேட்டிருக்கும். ரெனிட்டா பின்கதவைப் பார்த்துத் திரும்பி, கழுத்தை நீட்டி, அசையாமல் நின்றாள். மணி பன்னிரண்டும் அடித்து ஓய்ந்தது. அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

“கேட்டதா அம்மா?” என்றார் கன்வீனர்.

“இல்ல சார்.”

“ரெனி!” என்றார் ஏசுராஜ்.

“கத்தலப்பா. மணி அடிச்சா பப்லு கத்துவான் இல்ல? கத்தவே இல்லப்பா.” அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவரால் அதை மாற்றிக்கொள்ள முடியவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ரெனிட்டாவின் உதடு கோணியது.

கன்வீனர் எழுதிக்கொண்டிருந்தார்.

“சார், அவ மணியச் சொல்லல. நாயச் சொல்றா சார்,” என்று கும்பிட்டார் ஏசுராஜ்.

“விலங்கின் கேள்வியை உயில் அங்கீகரிக்கவில்லை என்று அன்றைக்கே சொன்னேனே மிஸ்டர் ஏசுராஜ்.”

“பையனையாவது…”

“அக்காவுக்குக் கேட்காத வீட்டில் தம்பிக்கு மட்டும் எப்படிக் கேட்கும்?”

எதிர்வீட்டில் கலீமுல்லா பாய் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தார். நேரே கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாழைக்குப் பக்கத்தில் சின்ன மேடு. அஃப்ஷா அதைச் சுற்றிக் கல் பதித்திருந்தாள். ரெனிட்டா உட்கார்ந்து மண்ணைக் கையால் தடவினாள். ரொம்ப நேரம் அழுதாள். ஏசுராஜ் பக்கத்தில் உட்கார்ந்து, “பொய் சொல்லிட்டேன் கண்ணு,” என்றார். அவரும் அழுதார். பெரிய மனுஷன் அழலாம், தப்பில்லை.

கடைசியில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதிரே தெரிந்த வீட்டையும் அதன் பின்னால் நின்ற மணிக்கூண்டையும் பார்த்தாள்.

“அப்போ நாம எதுக்குப்பா டவுனுக்குப் போனோம்?”

ஏசுராஜ் ஜெயபுஷ்பத்தைப் பார்த்தார். ஜெயபுஷ்பம் கலீமுல்லா பாயைப் பார்த்தாள். கலீமுல்லா பாய் வாழை மரத்தைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துக் குழுவின் சாப்பாட்டு இடைவேளை முடிந்து மணி அடித்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இவான் சட்டென்று நிமிர்ந்தான்.

“கேக்குது சார்,” என்றான்.